“நாளையிலிருந்து வராதே”: 23 பேர் வேலை செய்யும் பட்டறையில் ஒரு ஒழுங்குப் பிரச்சினை — நிகழ்வு ஆய்வு

கோவையில் பம்ப் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காகக் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு ஆலையில் நடந்தது இது. வாசலில் வைத்து வாய்வார்த்தையாக ஓர் ஆபரேட்டர் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து, லேபர் ஆபீஸில் ஒப்பந்தம் கையெழுத்தான நாள் வரை மொத்தம் 104 நாட்கள். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நிகழ்வு என்பதால், அன்று இருந்த சட்டங்களின் பிரிவுகளே இங்கே குறிப்பிடப்படுகின்றன.

பின்னணி

நான்கு சி.என்.சி. லேத், ஒரு வி.எம்.சி. (எல்லாம் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல், செதுக்கு இயந்திரங்கள்), இரண்டு ஷிஃப்ட், 23 ஆட்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். இரண்டும் ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்தன. சம்பளம் வங்கிக் கணக்குக்கே போனது. ஆனால் யாருக்கும் பணி நியமனக் கடிதம் கிடையாது. சான்று பெற்ற நிலையாணைகளும் (ஆலையின் பணி, ஒழுங்கு விதிகள்) இல்லாததால், எது ஒழுங்கீனம், அதற்கு என்ன நடவடிக்கை என்று எங்குமே எழுதப்படவில்லை.

சம்பந்தப்பட்ட ஆபரேட்டருக்கு வயது 41. சேர்ந்து 7 ஆண்டு 5 மாதம் ஆகியிருந்தது. சம்பளம் ₹19,500, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து ₹15,600. கைவேலை சுத்தம் என்பதை முதலாளியே ஒப்புக்கொண்டார். கடந்த இரண்டு ஆண்டுகளாகத்தான் பிரச்சினை: திங்கட்கிழமைகளில் தாமதம், சூப்பர்வைசரோடு வாய்த்தகராறு, ஆய்வுத் தாளில் அளவு எழுத மறுப்பது. ஒவ்வொரு தடவையும் முதலாளி கூப்பிட்டுத் திட்டினார்; மறுநாள் சமாதானமானார். ஒரு மெமோகூடக் கொடுக்கவில்லை. நடுவில் ஆபரேட்டரின் மகள் படிப்புக்கு ₹40,000 முன்பணமும் கொடுத்திருந்தார். அதில் ₹26,000 பாக்கி.

சூப்பர்வைசருக்கு வயது 32. டிப்ளமோ படித்தவர், நேர்மையானவர். தன்னைவிட ஒன்பது வயது மூத்தவரை எல்லார் முன்னிலையிலும் “வா, போ” என்று ஒருமையில் கூப்பிடுவது அவர் வழக்கம். கொங்கு நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இது விசாரணையின் மூன்றாவது அமர்வில்தான் வெளியே வந்தது.

சம்பவ நாள்

திங்கட்கிழமை. காலை 8 மணி ஷிஃப்டுக்கு ஆபரேட்டர் 9.50க்கு வந்தார். சாராய வாடை அடித்ததாகச் சூப்பர்வைசர் சொன்னார். இயந்திரத்தைத் தொட வேண்டாம் என்று அவர் தடுக்க, பேச்சு தடித்தது. ஆபரேட்டர் கையிலிருந்த டயல் போர் கேஜை (துளையின் அளவு பார்க்கும் கருவி) கிரானைட் மேஜைமேல் வீசினார். டயல் கண்ணாடி உடைந்தது, முனை வளைந்தது. மாற்ற ஆன செலவு ₹7,800.

சத்தம் கேட்டு வந்த முதலாளி சொன்ன வாசகம் இது: “நாளையிலிருந்து இந்தப் பக்கம் கால் வைக்காதே, கணக்கை முடிச்சுக்கோ.” மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆபரேட்டர் வந்தார், வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை வந்தபோது பூட்டிய கேட்டை ஆபரேட்டர் தன் போனில் நேரத்தோடு வீடியோ எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாளே ஒரு தொழிற்சங்கத்தின் வழியாகத் தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்தில், தன்னை வாய்மொழியாக வேலைநீக்கம் செய்துவிட்டதாக மனு கொடுத்தார்.

அதாவது, தவறு செய்தவர் யார் என்ற கேள்வி மூன்றே நாளில் இடம் மாறிவிட்டது. அதுவரை ஒழுங்கீனம் ஆபரேட்டருடையது. பூட்டிய கேட்டுக்குப் பிறகு, நோட்டீஸ் இல்லாமல், காரணம் எழுதாமல், விசாரணை இல்லாமல் ஏழரை ஆண்டு வேலை பார்த்த ஒருவரை நீக்கியது நிர்வாகம் என்றாகிவிட்டது. தொழில் தகராறுகள் சட்டம், 1947இன் 2ஏ பிரிவின்படி தனி ஒருவரின் வேலைநீக்கமே தொழில் தகராறு ஆகும். சங்கத்தில் பத்துப் பேர் சேர வேண்டியதில்லை. சமரச மனு கொடுத்து 45 நாள் கழிந்தால் அவர் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம்.

மூன்றாம் நாள் மாலை

நிர்வாகத்துக்கு யோசனை சொல்ல ஓர் ஆலோசகர் அழைக்கப்பட்டது அன்று மாலைதான். அவர் முன் வைக்கப்பட்ட யோசனைகள் மூன்று.

முதலாவது, கணக்காளருடையது. வேலைக்குச் சேரும்போது ஒவ்வொருவரிடமும் கீழே கையெழுத்து மட்டும் வாங்கி வைத்த வெற்றுத்தாள்கள் பீரோவில் இருந்தன. “இதிலேயே ராஜினாமா டைப் பண்ணிக்கலாம்.” இந்த வட்டாரத்தில் பல பட்டறைகளில் உள்ள பழக்கம்தான். ராஜினாமா செய்ததாகச் சொல்லப்படும் ஆள், அடுத்த நாளே உள்ளே விடச் சொல்லி கேட்டில் நிற்கிறார், அதற்கு வீடியோ இருக்கிறது, அதே வாரம் லேபர் ஆபீஸில் மனுவும் இருக்கிறது. இந்த நிலையில் அந்தத் தாள் நிர்வாகத்தைக் காப்பாற்றாது. போலி ஆவணம் தயாரித்ததாகக் காவல் நிலையத்தில் இன்னொரு புகாருக்கு வழி திறக்கும். சமரச அதிகாரிகள் இத்தகைய தாள்களை வாரம்தோறும் பார்ப்பவர்கள்: கையெழுத்து ஒரு மை, எழுத்து வேறு மை, கையெழுத்துக்கு இடம் விட்டு வரிகள் நெருக்கியடிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது, “அவரே வரலை” என்று காட்டிப் பெயரை அடித்துவிடுவது. வேலைக்கு வராதவரின் பெயரைத் தானாக நீக்கிவிட முடியாது, விசாரணை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே, டி.கே. யாதவ் வழக்கில் சொல்லிவிட்டது. இங்கே அவர் வந்ததும் தெரிந்த கதை.

மூன்றாவது, பழைய தேதி போட்டு நாலைந்து மெமோ தயாரிப்பது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தில்லாத மெமோ வெறும் காகிதம். அதில் ஒன்று பொய் என்று குறுக்கு விசாரணையில் தெரிந்தால், உண்மையான சாட்சியும் அதோடு சேர்ந்து விழும்.

மூன்றையும் ஆலோசகர் மறுத்தார்.

முதல் முடிவு: சொன்னதைத் திரும்பப் பெறுவது

நான்காம் நாள் காலை பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, ஆபரேட்டருக்கு ஒரு கடிதம் போனது. அதன் படம் அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பப்பட்டது. வாசகம் இவ்வளவுதான்:

“திங்களன்று ஏற்பட்ட வாக்குவாதத்தில் தங்களை வேலைக்கு வர வேண்டாம் என்று கூறியது கோபத்தில் சொல்லப்பட்டதே தவிர, தங்களைப் பணிநீக்கம் செய்யும் முடிவு அல்ல. தாங்கள் தொடர்ந்து பணியில் இருக்கிறீர்கள். இக்கடிதம் கிடைத்த மறு வேலைநாள் காலை 8 மணிக்குப் பணிக்கு வரவும். உள்ளே அனுமதிக்கப்படாத நாட்களுக்கு முழுச் சம்பளம் வழங்கப்படும். அன்றைய சம்பவம் குறித்துத் தங்களிடம் தனியாக விளக்கம் கேட்கப்படும்.”

முதலாளிக்கு இதில் கையெழுத்துப் போட ஒரு இரவு முழுக்க மனசு வரவில்லை. “நான் இறங்கிப் போன மாதிரி ஆகாதா?” ஆகும். ஆனால் கணக்கு வேறு. வேலைநீக்கம் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் மூன்று ஆண்டு கழித்துச் சொன்னால், மீண்டும் வேலையோடு, இடைப்பட்ட காலத்துக்கு முழுப் பின்சம்பளமும் வரலாம்: 36 × 19,500 = ₹7,02,000. திரும்ப வரச் சொல்லி எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்த நாளோடு அந்த மீட்டர் நிற்கிறது. கடைசி வரியும் முக்கியம். அது இல்லாவிட்டால், நிர்வாகம் சம்பவத்தையே மன்னித்துவிட்டதாகப் பிறகு எதிர்தரப்பு வாதிடலாம்.

அழைத்தும் அவர் வராமல் இருந்திருந்தால்? ஒரு வார இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது கடிதம். அதற்குப் பிறகு வராமல் இருந்ததற்கே தனிக் குற்றச்சாட்டும் விசாரணையும் என்று திட்டம் இருந்தது. தேவைப்படவில்லை. எட்டாம் நாள், அடுத்த திங்கட்கிழமை, 7.55க்கு அவர் கேட்டில் நின்றார்.

எதைக் குற்றச்சாட்டாக்குவது, எதை விடுவது

முதலாளியின் மனதில் பட்டியல் நீளம். அதில் மேலே நின்றது ரிஜெக்ஷன் (அளவு தவறித் தள்ளுபடியான துண்டுகள்): ஆறு வாரத்தில் 140 ஷாஃப்ட் ஸ்லீவ், ₹31,000 நட்டம், “எல்லாம் இவன் வேண்டுமென்றே பண்ணினது.”

ரிஜெக்ஷன் பதிவேட்டை ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். துளை 35 மி.மீ., எச்7, அதாவது 35.000 முதல் 35.025 வரை இருக்கலாம். தள்ளுபடியான துண்டுகளில் பெரும்பாலானவை 35.03, 35.04. அவருடைய ஷிஃப்டில் 76, அதே இயந்திரத்தில் மற்ற ஆபரேட்டரின் ஷிஃப்டில் 64. இரண்டிலும் அவை கொத்துக் கொத்தாக, புது இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றிய உடனே வந்த ஐந்தாறு துண்டுகளாக இருந்தன. காரணம் அங்கேயே கிடைத்தது. இன்சர்ட் தேயத் தேயத் துளை சிறுக்கும்; ஆபரேட்டர் அதை ஈடுகட்ட ஆஃப்செட்டை (இயந்திரத்தில் பதியும் அளவுத் திருத்தத்தை) கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வருவார். புது இன்சர்ட் போட்டதும் கூட்டிய ஆஃப்செட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதைச் செய்வது செட்டரா (இயந்திரத்தை வேலைக்குத் தயார் செய்பவர்), ஆபரேட்டரா என்று அந்த ஆலையில் யாரும் தீர்மானித்ததே இல்லை. இரண்டு பேருமே மற்றவர் செய்வார் என்று விட்டிருந்தார்கள்.

ரிஜெக்ஷன் குற்றச்சாட்டு முழுவதும் கைவிடப்பட்டது. இதைச் சேர்த்திருந்தால், எதிர்தரப்பு அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ‘பழிவாங்கும் நோக்கம்’ என்பதற்கு முதல் சான்றாக அதையே காட்டியிருக்கும்.

தாமதம் அடுத்தது. கை எழுத்து வருகைப் பதிவேட்டில் இரண்டு ஆண்டுகளாக எல்லார் பெயருக்கும் நேரே, வந்ததற்கு வெறும் ‘ப’ மட்டும்தான்; நேரம் இல்லை. ரிப்பேரில் கிடந்த கைரேகை இயந்திரம் ஓடத் தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அந்த ஐந்து வாரத்தில் 15 நிமிடத்துக்கு மேல் தாமதம் 9 நாள். குற்றச்சாட்டு அந்த 9 நாளோடு நிறுத்தப்பட்டது. அதே அறிக்கையில் வேறு இருவர் 8 நாளும் 7 நாளும் தாமதம்; அவர்களில் ஒருவர் முதலாளியின் உறவினர். அவர்களுக்கும் அதே நாளில் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டும் என்று ஆலோசகர் பிடிவாதமாக நின்றார், கொடுக்கப்பட்டது.

குடித்திருந்தார் என்பதற்குச் சோதனை எதுவும் இல்லை. மருத்துவரிடமும் அழைத்துப் போகவில்லை. எனவே ‘குடித்துவிட்டு வந்தார்’ என்று எழுதாமல், கண்ணால் கண்டது மட்டும் எழுதப்பட்டது: நடை தடுமாறியது, பேச்சு குழறியது, வாடை வந்தது, இயந்திரத்தை இயக்கப் பாதுகாப்பான நிலையில் இல்லை என்று சூப்பர்வைசர் கருதித் தடுத்தார், தடுத்தும் கேட்கவில்லை.

வசவுச் சொற்களை எழுதுவதில் ஒரு சங்கடம். ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். அது போதாது. எந்தச் சொல் என்று தெரியாமல் ஒருவர் விளக்கம் கொடுக்க முடியாது என்ற வாதம் எளிதில் நிற்கும். சொன்ன சொல் எதுவோ அதுவே மேற்கோள் குறிக்குள் எழுதப்பட்டது. தட்டச்சு செய்ய அலுவலகப் பெண் ஊழியரைக் கேட்காமல் ஆலோசகரே அடித்தார்.

சூப்பர்வைசரின் அறிக்கை சம்பவ நாளில் எழுதப்படவில்லை; நான்காம் நாள்தான் எழுதினார். அந்தத் தேதியே போடப்பட்டது. விசாரணையில் “ஏன் மூன்று நாள் கழித்து?” என்ற கேள்வி வந்தது. “அன்று எழுத வேண்டும் என்று தெரியாது” என்றார். அந்தப் பதில் எடுபட்டது.

குறிப்பாணையும் இ.எஸ்.ஐ. சான்றிதழும்

பத்தாம் நாள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தமிழில் வழங்கப்பட்டது. நான்கு குற்றச்சாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், இடம், விளக்கம் தர ஏழு நாள். பிரதியில் அவர் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு சாட்சிகள் முன் படித்துக் காட்டி, மறுத்ததைப் பிரதியிலேயே எழுதி, சாட்சிகளின் கையெழுத்து வாங்கி, அன்றே பதிவுத் தபாலிலும் அனுப்பினார்கள்.

பணியிடை நீக்கம் செய்யலாமா என்ற பேச்சு வந்தது. தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டம், 1981இன்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அதைவிட, அப்படி நீக்கி வைக்கும் அதிகாரம் எந்த நியமனக் கடிதத்திலும் இல்லை. ஆள் தொடர்ந்து வேலை செய்யட்டும், பகல் ஷிஃப்டில் மட்டும் என்று முடிவானது. சாட்சிகளில் ஒருவர் இரவு ஷிஃப்டுக்காரர் என்பதால் இருவரும் சந்திக்கும் நேரமும் குறைந்தது.

மறுநாளே இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றிதழ் வந்தது: முதுகுவலி, ஒன்பது நாள் ஓய்வு, பிறகு மேலும் ஏழு நாள். முதலாளிக்கு இது நடிப்பு என்று சந்தேகமே இல்லை. இருக்கலாம். ஆனால் இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு, நோய்க்கால உதவி பெறும் நாட்களில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. பல சிறு முதலாளிகள் சறுக்குவது இங்கேதான்: ஓய்வில் இருக்கும்போது தபாலில் நீக்க உத்தரவு அனுப்பிவிடுவார்கள், பிறகு அந்த உத்தரவே செல்லாததாகிவிடும். 16 நாட்களும் எந்தக் கடிதமும் அனுப்பப்படவில்லை. விளக்கத்துக்கான கெடு, அவர் திரும்பிய நாளிலிருந்து மறுபடி எண்ணப்பட்டது.

இதற்கிடையில் பன்னிரண்டாம் நாள் சமரச அதிகாரியின் நோட்டீஸ் வந்தது. முதல் அமர்வில் நிர்வாகம் மூன்று காகிதம் வைத்தது: திரும்ப அழைத்த கடிதம், ஒப்புகை அட்டை, எட்டாம் நாள் முதல் கைரேகைப் பதிவு. வேலைநீக்கம் நடக்கவே இல்லை என்பதால் மனுவின் அடிப்படை ஆட்டம் கண்டது. சங்கம் அதைத் ‘துன்புறுத்தல்’ என்று மாற்றிக்கொண்டது. சமரசம் நிலுவையில் இருந்தது. நிலுவையில் இருக்கும்வரை தொழில் தகராறுகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: தகராறோடு தொடர்புடைய விஷயத்தில் அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. விசாரணை நடத்தத் தடை இல்லை. எனவே விசாரணை மட்டும் தொடர்ந்தது.

உள்விசாரணை

விளக்கத்தில் அவர் எல்லாவற்றையும் மறுத்தார். ஆலைக்குத் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞர் விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டார், கட்டணம் ₹12,000. முதலாளியே விசாரிக்க முடியாது, அவரும் சம்பவத்தில் ஒரு தரப்பு. சூப்பர்வைசரும் முடியாது, அவர் சாட்சி.

முதல் அமர்வுக்கு ஆபரேட்டர் வரவில்லை. அவர் இல்லாமலேயே நடத்தலாம் என்று கணக்காளர் அவசரப்பட்டார். விசாரணை அதிகாரி ஒத்திவைத்து இரண்டாம் நோட்டீஸ் அனுப்பினார். அடுத்த மூன்று அமர்வுகளுக்கும் அவர் உடன் பணிபுரியும் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். விசாரணை நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கப்படவில்லை. நடவடிக்கை தமிழில் கையால் எழுதப்பட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்திட்டு, அன்றே நகல் கொடுக்கப்பட்டது.

சாட்சி இருவர். பக்கத்து இயந்திரத்து இளைஞர் ஒடிசாக்காரர், பேசியது இந்தியில். அவர் சொன்னதை இந்தியிலும் தமிழிலும் பதிவு செய்தார்கள். கேஜ் வீசப்பட்டதை அவர் தெளிவாகச் சொன்னார். வசவு பற்றிக் கேட்டபோது, “கத்தினார், என்ன வார்த்தை என்று எனக்குப் புரியாது” என்றார். நேர்மையான பதில்; நிர்வாகத்தின் மூன்றாவது குற்றச்சாட்டு அதோடு சாய்ந்தது.

சூப்பர்வைசரிடம் துணை வந்தவர் கேட்ட கேள்விகள் கூர்மையாக இருந்தன. “இவர் உங்களைவிட எத்தனை வயது மூத்தவர்?” “அன்றைக்கு நீங்கள் முதலில் சொன்ன வார்த்தை என்ன?” சூப்பர்வைசர் சற்று நேரம் கழித்து, “எந்திரிச்சு வர இப்பத்தான் நேரம் கிடைச்சுதாடா என்று கேட்டேன்” என்றார். அதுவும் பதிவானது.

அறிக்கை எண்பதாம் நாள் வந்தது. தடுத்தும் கேளாமல் இயந்திரத்துக்குப் போனது, கேஜை வீசியது இரண்டும் நிரூபணம், தாமதம் நிரூபணம், ஆனால் மற்றவர்களுக்கும் உள்ளது, வசவு நிரூபிக்கப்படவில்லை, சூப்பர்வைசரின் பேச்சும் தூண்டுதலாக இருந்தது.

ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு

மூன்றாவது அமர்வில் ஆபரேட்டர், கேள்வி எதற்கும் தொடர்பில்லாமல் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்த நிகழ்வில் நிர்வாகத்துக்கு உண்மையிலேயே ஆபத்தானது: “நான் லேட்டா வர்றது கண்ணுக்குத் தெரியுது, ஞாயித்துக்கிழமை ஒத்தைக் கூலிக்கு ஓட்டினது தெரியலையா?”

தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 59ஆம் பிரிவின்படி நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணிக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டைக் கூலி. இந்த ஆலை எல்லாருக்குமே ஒற்றைக் கூலிதான் கையில் கொடுத்து வந்தது. அவருக்கு மாதம் சராசரி 22 மணி ஓ.டி. ஒரு மணிக்குச் சாதாரணக் கூலி 19,500 ÷ 26 ÷ 8 = ₹93.75. கொடுக்காமல் விட்ட மறுபாதி, 12 மாதத்துக்கு 93.75 × 22 × 12 = ₹24,750. கூலி வழங்கல் சட்டத்தில் ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்கலாம் என்பதால் 12 மாதம் கணக்கிடப்பட்டது.

ஒருவருக்கு இப்படி என்றால் 23 பேருக்கும் இப்படித்தான். அவரை நீக்கி நீதிமன்றம் போயிருந்தால், ஆலை ஆய்வாளருக்கு ஒரு புகார் போதும். அடுத்த மாதம் முதல் எல்லாருக்கும் இரட்டைக் கூலி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. மற்றவர்களின் ஓராண்டு பாக்கி மூன்று தவணையில் கொடுக்கப்பட்டது. ஆலோசகர் வற்புறுத்திய செலவுகளில் முதலாளி மிகவும் வருந்திச் செய்தது இதுதான்.

தண்டனையா, ஒப்பந்தமா

நிரூபணமான குற்றங்களை வைத்து வேலைநீக்கம் செய்யலாம் என்றே முதலாளி இன்னும் நினைத்தார். எதிரே இருந்தவை: ஏழரை ஆண்டில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை, யாருக்கும் காயம் இல்லை, தூண்டுதல் இருந்ததாக விசாரணை அதிகாரியே எழுதியிருக்கிறார். தொழில் தகராறுகள் சட்டத்தின் 11ஏ பிரிவின்படி தண்டனை மிகை என்று கண்டால் தொழிலாளர் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். அறிக்கையின் நகலைக் கொடுத்து, ‘இறுதி எச்சரிக்கை ஏன் விதிக்கக் கூடாது’ என்று மட்டும் கேட்பது என முடிவானது.

அந்த நோட்டீஸ் போன வாரத்தில் சங்கத்தின் தரப்பிலிருந்தே வேறு பேச்சு வந்தது. ஆபரேட்டருக்கு இனி அங்கே வேலை செய்ய விருப்பமில்லை. கௌரவமாகக் கணக்கு முடித்தால் போகிறார். கேட்டது ₹3 லட்சம். மூன்று அமர்வில் பேசி, 104ஆம் நாள் சமரச அதிகாரி முன்னிலையில், அதே சட்டத்தின் 12(3) பிரிவின்படி ஒப்பந்தம் கையெழுத்தானது. இருவர் மட்டும் பத்திரத்தாளில் எழுதிக்கொள்வதைவிட இது மேல்: இரு தரப்பும் அதிகாரியின் முன் கையெழுத்திடுவதால், ‘மிரட்டி வாங்கினார்கள்’ என்று பிறகு சொல்வது கடினம்.

தொகைகள்:

பணிக்கொடை: 15,600 × 15 ÷ 26 × 8 = ₹72,000
எடுக்காத விடுப்பு 14 நாள் × ₹750 = ₹10,500
ஓ.டி. பாக்கி ₹24,750
கருணைத் தொகை, இரண்டு மாதச் சம்பளம் ₹39,000
மொத்தம் ₹1,46,250

கணக்காளர் முதலில் பணிக்கொடையை ஏழு ஆண்டுக்கு ₹63,000 என்று போட்டிருந்தார். சம்பவ நாளில் அது சரி. அன்று 7 ஆண்டு 5 மாதம். விலகிய நாளில் 7 ஆண்டு 8 மாதம். ஆறு மாதத்தைத் தாண்டினால் முழு ஆண்டு. அவர் இன்னொன்றும் செய்யப் பார்த்தார்: முன்பணப் பாக்கி ₹26,000ஐயும் கேஜின் ₹7,800ஐயும் பணிக்கொடையில் கழிப்பது. சேதத்துக்காகப் பணிக்கொடையில் பிடிக்க வேண்டுமென்றால், அந்தச் சேதத்துக்காகவே ஆள் நீக்கப்பட்டிருக்க வேண்டும். ராஜினாமா செய்பவரிடம் அது முடியாது. கடன் பாக்கியைப் பணிக்கொடையில் நேர்செய்யவும் வழியில்லை. கேஜ் விட்டுக்கொடுக்கப்பட்டது. முன்பணம், அவருடைய எழுத்துச் சம்மதத்தோடு, கருணைத் தொகையில் கழிக்கப்பட்டது. கைக்குப் போனது ₹1,20,250. அதில் பணிக்கொடை தனி வங்கிப் பரிமாற்றமாக. அந்த ஆண்டுக்கான போனஸ் மற்றவர்களோடு சேர்த்துப் பிறகு வழங்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்தது

பணி அனுபவச் சான்றிதழ் அன்றே கொடுக்கப்பட்டது. அதில் ‘சுயவிருப்பில் விலகினார்’ என்பதைத் தவிர எந்தக் குறிப்பும் இல்லை. பி.எஃப். இணையதளத்தில் விலகிய தேதியை அந்த வாரமே பதிந்தார்கள். கோபத்தில் இதைப் பதியாமல் இழுத்தடிப்பது பலர் செய்யும் தவறு. முடிந்த தகராறை மீண்டும் லேபர் ஆபீஸுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த ஒரு தேதிதான். ஆபரேட்டர் வேறொரு பட்டறையில் சேர்ந்துவிட்டார்.

பீரோவில் இருந்த வெற்றுத்தாள்கள் எல்லாம் குறுக்கே கோடு போட்டு, அவரவர் கையில் திருப்பிக் கொடுக்கப்பட்டன. சிலர் இதற்குக் கையெழுத்துப் போட்டதையே மறந்திருந்தார்கள்.

திரும்பச் செய்தால் மாற்ற வேண்டியவை

சம்பவ நாளில் செய்திருக்க வேண்டியது எளிது: இயந்திரத்திலிருந்து விலக்கி, “இன்றைக்கு வீட்டுக்குப் போங்க, நாளைக்கு எட்டு மணிக்கு வாங்க” என்று இரண்டு சாட்சிகள் முன் சொல்லி அனுப்புவது, சம்மதித்தால் அப்போதே மருத்துவரிடம் அழைத்துப் போவது, பார்த்த மூவரும் அன்று மாலைக்குள் தனித்தனியாக எழுதித் தருவது. கேட் பூட்டப்பட்டிருக்காது, 2ஏ மனுவும் வந்திருக்காது.

இரண்டு ஆண்டு வாய்த்திட்டுக்குப் பதில் முதல் மூன்று தாமதத்துக்கே மெமோ கொடுத்திருந்தால், விசாரணை அறிக்கையின் எடை வேறாக இருந்திருக்கும். சூப்பர்வைசரின் பேச்சு பற்றி மூன்றாவது அமர்வு வரை நிர்வாகத்துக்குத் தெரியாமல் போனது ஆலோசகரின் குறையும்தான். குறிப்பாணை எழுதுமுன் ஆபரேட்டரை ஒருமுறை தனியாக உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம். சூப்பர்வைசருக்கு இப்போது எழுத்தில் அறிவுறுத்தல் போயிருக்கிறது: வயதில் மூத்தவர், இளையவர் யாரானாலும் ‘ங்க’ போட்டுப் பேச வேண்டும்.

புதிய சட்டத் தொகுப்புகளில் சில கெடுக்கள் மாறியுள்ளன. எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் இப்போது கட்டாயம். விலகினாலும் நீக்கினாலும் சம்பளக் கணக்கை இரண்டு வேலைநாளுக்குள் தீர்க்க வேண்டும். இந்த ஆலையில் 22 பேருக்கும் தமிழில் இரண்டு பக்க நியமனக் கடிதம் தயாரானது: வேலை நேரம், எவை ஒழுங்கீனம், என்னென்ன நடவடிக்கை, பணியிடை நீக்கம் செய்யும் அதிகாரம், முகவரி மாறினால் தெரிவிக்கும் பொறுப்பு. பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், இனி அனுப்பும்போது ஒப்புகை வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு வாங்க வேண்டும்.

ஒவ்வொரு சி.என்.சி. பேனலிலும் ஓர் அட்டை தொங்குகிறது: இன்சர்ட் மாற்றுபவர் செட்டர், ஆஃப்செட்டைத் திருப்புபவரும் அவரே, முதல் துண்டை அளந்து கையெழுத்திடுபவர் ஆபரேட்டர். தாமதத்துக்கு மெமோ வாங்கிய இருவரில் உறவினர் அல்லாதவர் நேரத்துக்கு வரத் தொடங்கிவிட்டார். உறவினர் இன்னும் வாரத்தில் ஒரு நாள் தாமதம். மூன்றாவது மெமோ போயிருக்கிறது.